ஸ்கிராபிள் பெட்டியில் யாருக்கு எத்தனை பங்கு?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் கடைகளில் சரத்தில் தொங்கும் சரக்கே மாறிவிடும். ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் லூடோ அட்டை, பாம்புப் பட பலகை, பம்பாயையும் டெல்லியையும் விலைக்கு வாங்கும் 'பிசினஸ்' பெட்டி, சீட்டுக்கட்டு எல்லாம் வந்து சேரும். இரண்டு மாதம் ஓடும். பிறகு மிச்சம் இருப்பதைப் பரணில் ஏற்றிவிடுவோம். கொள்முதல் விலை என்ன, எம்.ஆர்.பி. என்ன, நமக்கு எவ்வளவு நிற்கும் என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விளையாட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இன்னொருவர் முதல் போட்டு அதைச் சரக்காக்கியிருக்கிறார். மூன்றாமவர் நம்மைப் போல அலமாரியில் வைத்து விற்றிருக்கிறார். இந்த மூவருக்கும் லாபம் எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால், அது நாற்பது வருடமாக மண்டியில் நாம் பார்த்துவரும் கணக்கிலிருந்து அதிகம் விலகியதாக இல்லை. மளிகைக்காரர்கள் பத்திரிகையில் விளையாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கில எழுத்துக் கட்டைகளைக் கோத்து வார்த்தை உண்டாக்கும் 'ஸ்கிராபிள்' என்ற விளையாட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பேரப்பிள்ளைகள் வீட்டில் ஒன்று கிடக்கும். அமெரிக்காவில் ஆல்பிரட் மோஷர் பட்ஸ் என்ற கட்டட வரைபடக் கலைஞர் யோசித்தது அது. 1930களின் பெரிய பொருளாதார மந்தத்தில் அவருக்கு வேலை போய்விட்டது. நியூயார்க் நகரத்தின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் குடியிருந்தார். கையில் நேரம் மட்டும் இருந்தது. எந்த மாதிரி விளையாட்டை ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று வகை பிரித்துப் பார்த்தார். தாயம் போல அதிர்ஷ்டத்தில் ஓடுவது ஒன்று, சதுரங்கம் போல முழுக்க மூளையில் ஓடுவது ஒன்று. பாதி அதிர்ஷ்டம், பாதி திறமை என்று இருந்தால் வீட்டில் எல்லோரும் உட்காருவார்கள் என்று முடிவு செய்தார்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் நமக்கு மிகவும் பிடித்தது. எந்த எழுத்தில் எத்தனை கட்டை வைப்பது? அதற்கு அவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். நம் கடையில் எந்தச் சரக்கு வேகமாக ஓடுகிறது, எது மாதத்துக்கு ஒரு கிலோ போகிறது என்று பார்த்துக் கொள்முதல் செய்கிறோம் அல்லவா? அதே வேலைதான். ஓடுகிற 'இ' எழுத்துக்கு 12 கட்டை, மதிப்பு 1 புள்ளி. எப்போதோ வரும் 'கியூ', 'இசட்' எழுத்துகளுக்கு ஒவ்வொரு கட்டை, மதிப்பு 10 புள்ளி. மொத்தம் 100 கட்டை. 'எஸ்' எழுத்து ஆங்கிலத்தில் தாராளமாக வரக்கூடியது. அதற்கு நான்கே கட்டைதான் கொடுத்தார். ஏனென்றால் எந்த வார்த்தையின் வாலிலும் ஓர் 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம், ஆட்டம் சுலபமாகிச் சப்பென்று போய்விடும். வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல் ஆட்டக்காரன் மனதையும் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்.

முதலில் இதற்குப் பலகையே கிடையாது. 'லெக்சிகோ' என்று பெயர் வைத்து, கட்டைகளை மட்டும் வைத்து ஆடும்படி செய்திருந்தார். விளையாட்டுச் சாமான் கம்பெனிகளுக்கு அனுப்பினார். அன்று அமெரிக்காவில் பெரிய புள்ளிகள் பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி என்ற இரண்டு கம்பெனிகள். இரண்டுமே வேண்டாம் என்று திருப்பிவிட்டன. காப்புரிமைக்கு மனுச் செய்தார், அதுவும் கிடைக்கவில்லை. மனிதர் விட்டுவிடவில்லை. 1938 வாக்கில் குறுக்கெழுத்துப் புதிர் போலப் பலகை ஒன்றைச் சேர்த்து, 'கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்' என்று வேறு பெயர் கொடுத்தார். மறுபடியும் கம்பெனிகள் மசியவில்லை. கட்டட வரைபடம் போடும் கருவிகளைக் கொண்டு பலகையைத் தானே வரைந்து, கட்டைகளைத் தானே அறுத்து, தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுத்தார். பக்கத்துச் சர்ச் மண்டபத்தில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஆடவிட்டுப் பார்த்தார். இப்படியே பத்து வருடம் போயிற்று.

கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மிடம் மாதத்துக்கு எத்தனை பேர் புது ஊறுகாய், புது சோப்பு என்று சாம்பிள் கொண்டுவருகிறார்கள்? எல்லாவற்றையும் எடுத்து வைத்தால் கடை தாங்குமா? கம்பெனிக்காரனும் அப்படித்தான்.

சரக்காக்கியவர்

1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் வந்தார். பட்ஸ் கையால் செய்த செட் ஒன்று அவரிடம் இருந்தது. வாஷிங்டனில் அரசாங்கம் சார்ந்த சமூகப் பணிகளில் இருந்தவர், அந்த வேலையை விட்டுக் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் என்ற சிற்றூரில் சொந்தத் தொழில் ஏதாவது செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பட்ஸும் அவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தயாரித்து விற்கும் உரிமை புரூனோவுக்கு. விற்கும் ஒவ்வொரு செட்டுக்கும் இவ்வளவு என்று பட்ஸுக்கு ராயல்டி.

புரூனோ அப்படியே எடுத்து விற்றுவிடவில்லை. பலகையில் இரட்டை மதிப்பு, மும்மடங்கு மதிப்புக் கட்டங்கள் இருக்கும் இடத்தை மாற்றினார். படித்தால் தலை சுற்றும் விதிகளைச் சுருக்கினார். கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்ற விதியைச் சேர்த்தார். இன்றைக்கும் ஆட்டக்காரர்கள் உயிரை விடுவது அந்த ஐம்பதுக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஸ்கிராபிள்' என்று புதுப் பெயர் வைத்து அந்த 1948 டிசம்பரிலேயே வியாபாரச் சின்னமாகப் பதிவும் செய்துவிட்டார். இந்தப் பதிவு பற்றிப் பின்னால் வருவோம்.

புரூனோவும் அவர் மனைவியும் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நண்பர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு மரக்கட்டையில் ஒவ்வொரு எழுத்தாக முத்திரை குத்தினார்கள். மணிக்கு 12 செட் முடிந்தது. 1949-இல் 2,400 செட் செய்தார்கள். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் 450 டாலர் நஷ்டம். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடம் தள்ளாட்டம்தான். புதுச் சரக்கு இறக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த மூன்று வருடம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அவரைத் தூக்கிவிட்டது ஒரு கடைக்காரர் என்று சொல்கிறார்கள். 1952 கோடையில், நியூயார்க்கின் பெரிய பல்பொருள் கடையான மேசிஸின் தலைவர் ஜாக் ஸ்டிராஸ் விடுமுறைக்குப் போன இடத்தில் இதை ஆடிப் பார்த்தாராம். திரும்பி வந்து தம் கடையில் கேட்டால், அப்படி ஒரு சரக்கே இல்லை என்றார்களாம். உடனே ஆர்டர் போகட்டும் என்றார் என்பது கதை. கதையில் எத்தனை பங்கு மெய்யோ, அந்த வருடக் கடைசியில் ஆர்டர் குவிந்தது மெய். பழைய பள்ளிக்கூடத்தில் மணிக்கு 12 செட் செய்தால் எப்படிக் கட்டும்? கடைகளுக்கு ரேஷன் மாதிரி இத்தனை செட்தான் என்று பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. கேட்கிற சரக்கு கையில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். புரூனோ 1953 வாக்கில் செல்சௌ அண்ட் ரைட்டர் என்ற பழைய கம்பெனிக்குத் தயாரிப்பு உரிமத்தைக் கொடுத்தார். 1954-இல் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் செட் விற்றது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தச் செல்சௌ கம்பெனிக்கு அதுவரை எண்பது வருடமாகச் சோறு போட்ட சரக்கு எது தெரியுமா? 'பார்ச்சீசி'. நம் நாட்டுப் பச்சீசி ஆட்டம்தான், சோழி போட்டு ஆடும் நம் தாயத்துக்கு உறவு. அமெரிக்காவில் பெயரைப் பதிவு செய்துகொண்டு 1870களிலிருந்து விற்றார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதையே சுருக்கி 'லூடோ' என்று 1896-இல் காப்புரிமை வாங்கினார்கள். நாம் அந்த லூடோ அட்டையை வாங்கிச் சரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்! பச்சீசியைக் கண்டுபிடித்த பாட்டன் யாருக்கும் ஒரு காசு போகவில்லை. ஒப்பந்தம் போட அவர் உயிரோடும் இல்லை, பெயரும் தெரியாது.

பங்கு பிரிந்த விதம்

பட்ஸுக்கு வருவோம். அவருக்குச் செட்டுக்குக் கிடைத்தது சுமார் 3 சென்ட். ஒரு டாலருக்கு 100 சென்ட் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சென்ட் என்றால் அற்பம்தான். ஆனால் ஒரே வருடத்தில் 40 லட்சம் செட் என்றால் 3 சென்ட் 1,20,000 டாலராகிறது. கட்டட வேலையில் பட்ஸ் கனவிலும் காணாத தொகை. அந்த உச்ச வேகம் நீடிக்கவில்லை, என்றாலும் வருடா வருடம் வரும்படி இருந்தது. முன்னோர் வீட்டை மீட்டு வாங்கி நிம்மதியாக இருந்தார். 1972-இல் செல்சௌ கம்பெனி 'ஸ்கிராபிள்' என்ற பெயரையே புரூனோவிடமிருந்து மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொண்டது. பட்ஸ் 1993-இல் தம் 93ஆம் வயதில் காலமானார்.

இதை அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். யோசித்தவருக்கு 3 சென்ட், பெயர் வைத்தவருக்குப் பெருந்தொகையா என்று. நம் அபிப்பிராயம் வேறு. 1949-இல் நஷ்டப்பட்ட 450 டாலர் புரூனோவின் சட்டைப் பையிலிருந்து போனது. சரக்கு விழுந்திருந்தால் பட்ஸ் ஒன்றும் இழந்திருக்க மாட்டார். முதல் போட்டவனுக்குப் பங்கு கூடுதல் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கியதால்தான் பட்ஸ் கடைசிவரை பிழைத்தார் என்பதே நாம் பார்ப்பது.

அப்படி எழுதி வாங்காதவர் கதை நம் 'பிசினஸ்' பெட்டியின் தாய்ச் சரக்கான 'மோனோபொலி'யில் இருக்கிறது. எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-இலேயே 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்ற பொருளில் ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தை வளைத்துப் போட்டு வாடகையில் கொழுப்பவர்களைப் பார்த்து ஜனங்கள் விழித்துக்கொள்ளட்டும் என்பது அவர் நோக்கம். 1924-இல் திருத்திய வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை. ஆட்டம் வாய்மொழியாகக் கல்லூரிகளிலும் வீடுகளிலும் பரவி, ஊருக்கு ஊர் தெருப் பெயர் மாறி, சார்லஸ் டாரோ என்ற வேலையிழந்த விற்பனையாளர் கைக்கு வந்தது. அவர் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லி முதலில் தாமே செய்து விற்றார். பிலடெல்பியாவில் வானமேக்கர் என்ற பெரிய கடை எடுத்து விற்றது. முதலில் வேண்டாம் என்ற பார்க்கர் பிரதர்ஸ், விற்பனையைக் கேள்விப்பட்டு 1935-இல் அவரிடமிருந்து வாங்கியது. பிறகுதான் மேகியின் காப்புரிமை குறுக்கே நிற்பது தெரிந்தது. என்ன செய்தார்கள்? அந்த அம்மையாரிடம் 500 டாலர் கொடுத்து அதை ஒரேயடியாக எழுதி வாங்கிவிட்டார்கள். ராயல்டி என்று ஒரு காசு கிடையாது. டாரோவுக்கு ராயல்டி உண்டு, அவர் கோடீஸ்வரரானார். உண்மை முழுக்க வெளியே வந்தது 1970களில், வேறொரு பேராசிரியர் தம் விளையாட்டின் பெயருக்காகக் கோர்ட்டுக்குப் போனபோதுதான்.

மேகி தம் கருத்து நாடெங்கும் பரவும் என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டார். பணத்துக்காகப் போட்டவர் அல்ல. அதனால்தான் அந்த ஐந்நூறைப் படிக்கும்போது நமக்கு மனம் ஆறுவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒருவர் உண்டு. 'ஊனோ' சீட்டுக்கட்டைச் செய்த மெர்ல் ராபின்ஸ், ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். 1971-இல் குடும்பத்தார் 8,000 டாலர் புரட்டி 5,000 கட்டு அச்சடித்தார்கள். தம் கடையில் முடிவெட்ட வருகிறவர்களுக்கே விற்றார். பிறகு உரிமையை விற்றபோது 50,000 டாலர் ரொக்கமும் கட்டுக்கு 10 சென்ட்டும் பேசி வாங்கினார். ரொக்கமும் உண்டு, உருப்படிக்கும் உண்டு. முடிதிருத்துபவர் பேரத்தில் கெட்டிக்காரர்.

இப்போது எப்படி?

இன்று ஒருவர் விளையாட்டு யோசித்துக் கம்பெனியிடம் போனால் நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். கம்பெனி எடுத்துக்கொண்டால் முதலில் ஆடிப் பார்க்கிறார்கள். நூறு தடவை ஆடுவது சாதாரணம். அதிலும் ஒரு முக்கியமான சோதனை உண்டு. பெட்டியை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் கொடுத்து, விதிப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஆடச் சொல்லுவார்கள். யோசித்தவர் வாய் திறக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். கடையில் பெட்டியோடு கண்டுபிடித்தவரையும் சேர்த்து விற்க முடியாதே! பிறகு செலவுக் கத்தரி. மரக்கட்டைக்குப் பதில் அட்டை போதுமா, 110 சீட்டு இருந்தால் இன்னொரு தாள் அச்சடிக்க வேண்டுமே, இரண்டைக் குறைக்கலாமா, பெட்டி அலமாரியில் நிற்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள். சில சமயம் விளையாட்டின் கதையையும் பெயரையுமே மாற்றிவிடுவார்கள்.

ஜெர்மனியில் இந்தத் தொழில் நன்றாக வேரூன்றியது. அங்கே கிளாவ்ஸ் டாய்பர் என்ற பல் கட்டும் தொழில்நுட்பர், வேலை முடிந்து வந்து மனைவி மக்களை உட்காரவைத்து ஆடிப் பார்த்துச் செய்ததுதான் 'கட்டான்'. 1995-இல் கோஸ்மோஸ் கம்பெனி வெளியிட்டது. தொழுவத்து ஆட்டையும் செங்கல்லையும் பண்டமாற்றுப் பேசும் ஆட்டம். நம் ஆட்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் விற்ற அந்த விளையாட்டு வந்த பிறகும் சில ஆண்டுகள் அவர் பல் தொழிலை விடவில்லை. அந்தப் பெட்டியின் மேல் அவர் பெயர் அச்சாகியிருக்கும். அது சும்மா வந்ததல்ல. 1988-இல் நூரம்பர்க் பொம்மைச் சந்தையில் 13 விளையாட்டு ஆசிரியர்கள் கூடி, பெட்டி மேல் எங்கள் பெயர் போடாத கம்பெனிக்கு விளையாட்டு தரமாட்டோம் என்று பீர் தம்ளர் வைக்கும் அட்டையின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சங்கம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு ஓர் அட்டை போதுமானதாக இருந்தது.

பணக் கணக்கு இது. உதாரணத்துக்கு, கடையில் 1,000 ரூபாய்க்கு விற்கும் பெட்டி என்று வையுங்கள். மேலை நாட்டு வழக்கப்படி சில்லறைக் கடைக்காரர் அதைப் பாதி விலைக்கு, அதாவது 500 ரூபாய்க்கு வாங்குவார். மொத்த வியாபாரி கம்பெனியிடம் 400 ரூபாய்க்கு எடுப்பார். யோசித்தவருக்குக் கம்பெனி தரும் ராயல்டி பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 8 வரை, இந்த 400 ரூபாய் மேல். 6 என்று வைத்தால் 24 ரூபாய். கேட்கும்போதே 'நூற்றுக்கு ஆறு, எதன் மேல் ஆறு?' என்று கேட்க வேண்டும். 1,000 மேல் ஆறு என்றால் 60. ஒப்பந்தத்தில் அந்த ஒரு சொல்லில் 36 ரூபாய் தொங்குகிறது. சில்லறைக்காரருக்குப் பாதியா என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. துவரம்பருப்பில் அந்த மார்ஜின் கிடையாதுதான். ஆனால் பருப்பு ஒரு வாரத்தில் ஓடிவிடும். பெட்டி ஆறு மாதம் தூசி படிந்து நிற்கும்.

பெயர்ப் பதிவைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம் என்றோமே. கொல்கத்தாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் கம்ப்யூட்டரில் ஆடும்படி ஸ்கிராபிள் போலவே 'ஸ்கிராபுலஸ்' என்று ஒன்று செய்து உலகம் முழுக்கப் பிரபலமானார்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே பெயருக்கு உரிமையுள்ள மேட்டல் கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2008 செப்டம்பரில் கோர்ட் சொன்ன இடைக்காலத் தீர்ப்பு கவனிக்க வேண்டியது. ஆட்டத்தின் மேல், பலகையின் மேல் கம்பெனி கேட்ட பதிப்புரிமையை ஒப்பவில்லை. ஆனால் 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயர் ஜனங்களைக் குழப்பும், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. சகோதரர்கள் பெயரை 'லெக்சுலஸ்' என்று மாற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பட்ஸ் மாதக்கணக்கில் எண்ணிய எழுத்துக் கணக்கைவிட, புரூனோ ஒரு டிசம்பரில் பதிந்த பெயருக்கே அறுபது வருடம் கழித்தும் டெல்லியில் பலம் இருந்தது.

நமக்குத் தெரிந்த ஒரு காபித்தூள் வியாபாரி முப்பது வருடம் ஒரு பெயரில் அரைத்து விற்றார். பெயரைப் பதியவில்லை. வேறு ஊர்க்காரர் அதே பெயரைப் பதிந்துகொண்டு நோட்டீஸ் விட்டார். முன்பிருந்தே உபயோகித்தவர் என்று சட்டத்தில் இவருக்கும் வழி உண்டு, ஆனால் பழைய பில் கட்டுகளைத் தேடி எடுத்து வக்கீல் வீட்டுக்கு நடந்ததிலேயே இரண்டு வருடம் போயிற்று. சென்னை கிண்டியில் வியாபாரச் சின்னப் பதிவு அலுவலகம் இருக்கிறது. ஒருமுறை பதிந்தால் 10 வருடம், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். அரிசி மூட்டையிலும் மசாலாப் பாக்கெட்டிலும் சொந்தப் பெயர் போடுகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது அட்டையும் பேனாவுமாக விளையாட்டு ஒன்று செய்துகொண்டு வந்தால் விரட்டிவிடாதீர்கள். கடை மூடிய பிறகு நான்கு பேர் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். கம்பெனி கேட்டு வந்தால், எந்த விலை மேல் ராயல்டி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, அச்சடிப்பதை நிறுத்திவிட்டால் எத்தனை வருடத்தில் உரிமை திரும்பும், பெயர் யாருடைய பேரில் பதிவாகும் என்று நான்கையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். முன்பணம் தந்தால் அது ராயல்டியில் கழியுமா, தனியா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள்.